மூலை வீட்டுச் செருப்பு

காலையில் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தபோது, மூலை வீட்டுச் செருப்பு மறுபடியும் திரும்பிக் கிடப்பதை ஜெயபாண்டி பார்த்தார். நேற்று மாலை அதை மூலை வீட்டுக் கதவைப் பார்க்க வைத்திருந்தார். இப்போது அது பக்கத்துக் கதவை, அதாவது அவருடைய கதவைப் பார்த்துக் கிடந்தது. யாரோ அதில் நின்றுகொண்டு, தட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதைப் போல. நாயாக இருக்கும். வேலம்பாளையத்தில் நாய்களுக்குப் பஞ்சமில்லை. குனிந்து செருப்பைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த பிறகும் இன்னொரு தடவை துடைத்தார்.

மூலை வீட்டில் யாரும் குடியில்லை. செருப்பு அவருடையதுதான். வார் அறுந்து, தைத்து, மறுபடி அறுந்த பழைய ஜோடி. அது ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடுகள் கொண்ட லைன் வீடு. வீடு என்பது பேருக்குத்தான். ஓர் அறை, ஒரு மூலையில் அடுப்பு மேடை, அவ்வளவுதான். குழாயும் கக்கூசும் ஆறு வீட்டுக்கும் பொது. அந்தத் தெருவில் வீடு காலியானால் வாசலில் பழைய செருப்பு ஒன்றைப் போட்டு வைப்பார்கள். வீடு தேடி அலைகிற வடக்கத்தி ஆட்கள் கேட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறதென்று நினைத்துப் பேசாமல் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லுகிற சங்கடம் யாருக்கும் வேண்டியதில்லை. இந்த லைனில் அந்தச் செருப்பைப் போட்டது ஜெயபாண்டி. அவர் சரி என்று சொல்லாமல் வீட்டுக்காரர் கிட்டுசாமி யாருக்கும் வீடு விடுவதில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருப்பவருக்கு அந்த மரியாதை.

அடுத்த நாள் தீபாவளி. மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் உசிலம்பட்டிக்கும் போடிக்கும் கமுதிக்கும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். மனைவி சித்ராதேவி மாசி மாதம் தவறியதால் ஜெயபாண்டிக்கு இந்த வருஷம் பண்டிகை கிடையாது. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கும் அவர், லீவு நாட்களில் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலைக் கூட்டுவார், நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தைப் பிரித்து ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார்.

பதினோரு மணிக்குக் கிட்டுசாமி மொபெட்டில் வந்து, இறங்காமலேயே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க ஜெயபாண்டி, சாப்டாச்சுங்களா?”

“ஆச்சுங்க.”

“என்னத்த ஆச்சு. ரெண்டு பன்னும் ஒரு டீயும். அதையொரு சாப்பாடுன்னு சொல்லிக்கறீங்க. நாளைக்கு நம்மூட்டுக்கு வந்துருங்க, இட்லி போட்டுக் குடுக்கச் சொல்றேன். பலகாரம் வேண்டாமுங்க, வெறும் இட்லிதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மூலை ஊட்டுக்கு ஒரு ஆளு வந்து கேக்கறானுங்க. ஒரிசாக்காரன். ரோட்டு மேல இருக்கற கம்பெனியில அயர்ன் அடிக்கறானாமா. தங்கியிருந்த ஷெட்டை லீவுக்குப் பூட்டிப்போட்டாங்களாம்.”

ஜெயபாண்டி மூலை வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. “நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தைச் சொல்றது? செருப்பப் பாத்துப்போட்டு, ஆளு இருக்குதான்னு அவனே கேட்டான். விசாரிச்சுச் சொல்றேன்னுட்டேன். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பஸ் ஸ்டாப் பேக்கரிகிட்ட நிக்கறானாமா. வேணும்னாச் சொல்லியுடுங்க, வேண்டாம்னா உட்ருங்க. நின்னு பாத்துப்போட்டு அவனே போயிருவான்.”

“ஆளு பேரு?”

“பேரா? அதக் கேக்கலீங்களே.” கிட்டுசாமி சிரித்தார். “எங்கய்யன் உங்க பேரைக் கேட்டாருங்களா? தறி ஷெட்டுல உங்களைக் குடி வெச்சுப்போட்டு, தெக்கத்தியான் தெக்கத்தியான்னுதான் மூணு மாசம் கூப்புட்டுட்டு இருந்தாரு. உங்க ஊட்டுக்காரம்மாதான் ஒரு நாளு சண்டைக்கு வந்துது. ‘எங்க வீட்டுக்காரருக்குப் பேரு இருக்குங்க’ன்னு.”

சொல்லிவிட்டு, சித்ராதேவியைப் பற்றிப் பேசியது தப்போ என்பதுபோல முகம் மாறி, வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. அந்த வருஷம் கரண்ட் வருவதும் போவதும்தான் ஊருக்கே கடிகாரம். மறுபடி ஆறு மணிக்குப் போகும். டிவியின் மேல் இரண்டு விசிடி டிஸ்க்குகள் வெள்ளைத் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூரிலிருந்து வந்த மகள் அபிராமி துடைத்து எடுத்து வைத்தவை.

“அப்பா, இந்தப் படத்த ஒருக்கா முழுசாப் பாருங்க. ரெண்டாவது டிஸ்க்கையும்.”

“அது கீறிப்போச்சும்மா. ஓடாது.”

“யாரு சொன்னது?”

“ஒங்கம்மாதான்.”

அபிராமி துணியின் முனையை மடித்து மடித்து விட்டாள். “போட்டுப் பாருங்கப்பா” என்று மட்டும் சொன்னாள். சித்ராதேவியின் பதினாறாம் நாளன்றும் அவள் இப்படித்தான் ஒரு மாதிரி பார்த்தாள். அன்று சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, சித்ராதேவிக்கு மிகவும் பிடித்த படத்தைப் பற்றி ஜெயபாண்டி சொன்னார். ஆற்றங்கரையில் ஒரு தோணிக்காரன். எதிர்க்கரையில் ஓர் ஆள் தோணி தோணி என்று கூப்பிடுகிறான். ஊரே தடுக்கிறது. தோணிக்காரன் வெள்ளத்தில் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறான். “அப்படிப்பட்ட மனசுங்க அவளுக்கு. அதனாலதான் அந்தப் படம் பிடிச்சுது” என்று சொல்லி அவர் அழுதார். சுற்றியிருந்தவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். அபிராமி மட்டும் அவரையே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் படத்துக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நடைபாதையில் வாங்கும்போதே அட்டையில் எழுத்து வெளுத்திருந்தது. வீட்டில் அது தோணிக்காரன் படம்தான். கறுப்பு வெள்ளை, பாட்டே கிடையாது, வந்த புதிதில் ஒரு வாரம்கூட ஓடியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் சித்ராதேவி அதைப் போடுவாள். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் நின்று வந்த ஜெயபாண்டி முதல் டிஸ்க்கை எப்படியோ பார்த்துவிடுவார். அது முடிந்து அவள் எழுந்து இரண்டாவது டிஸ்க்கை மாற்றுகிற அந்த ஒரு நிமிஷத்தில் கண் சொருகிவிடும். எழுந்து பார்த்தால் டிவி அணைந்திருக்கும், அவள் காபி வைத்துக்கொண்டிருப்பாள். “பாத்தீகளா?” என்று கேட்பாள். “பாத்தேன் பாத்தேன்” என்பார். ஏழு வருஷமாக இது நடந்தது. இரண்டாவது பாதியை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை என்று நினைத்தார். வெள்ளம், கூப்பிடுகிற குரல், கையில் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிற தோணிக்காரன். பிறகு என்ன நடக்கும் என்று எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும்.

சித்ராதேவி கோயிலுக்கு அதிகம் போனதில்லை. தெரு முனை மாரியம்மனுக்குத் திருவிழா நோன்பு சாட்டும்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள், அதோடு சரி. ஆனால் அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரலில் சாமி கும்பிடுகிற நிதானம் வந்துவிடும். “கூப்புடுற ஆளு யாருன்னு கடைசி வரைக்கும் காட்டவே மாட்டான், கவனிச்சீகளா?” என்று ஒரு நாள் சொன்னாள். “அந்தப் படத்துல சாமி எதுன்னா அதுதான். காட்டிட்டான்னு வைங்க, நல்லவனா கெட்டவனா, நம்ம ஆளா வேத்தாளான்னு பாத்துப்புட்டுத்தான் நாம தோணிய அவுப்போம். காட்டாதப்ப அவுக்கணும். அதுக்குத்தான் காட்டல.” ஜெயபாண்டி பாதித் தூக்கத்தில் தலையாட்டினார். கம்பெனியில் நாள் முழுக்கப் பனியனை விரித்துப் பிடித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று தேடுகிற கண் அவருடையது. ஒன்றும் தெரியாமல் எதையும் பாஸ் செய்ய அதற்குப் பழக்கமில்லை.

முதல் டிஸ்க்கைச் செருகினார். எட்டு மாதத்துக்குப் பிறகு பிளேயர் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. நரைத்த மீசைத் தோணிக்காரன் வந்தான். எதிர்க்கரை ஊர்களில் அம்மை பரவியிருப்பதால் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரையும் ஏற்றக் கூடாதென்று ஊர்க்கூட்டம் போட்டுச் சொன்னார்கள். மழை பிடித்தது. ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. விடிகிற நேரத்தில் எதிர்க்கரை மூட்டத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. தோணீ... ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். சித்ராதேவி இந்த இடத்தில் சுவரில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தி உட்காருவாள். ஜெயபாண்டி தன்னையறியாமல் அவள் உட்காரும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். சுவரில் அவள் தலை பட்டுப் பட்டு ஏற்பட்ட எண்ணெய்க் கறை இருந்தது. தோணிக்காரன் கயிற்றைக் கையில் எடுத்தான். படம் நின்றது.

போன வருஷமும் தீபாவளிக்கு முந்தின நாள் இப்படித்தான் மழை கட்டியிருந்தது. லைன் காலி. சித்ராதேவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்ததால் அவர்கள் ஊருக்குப் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், கொட்டுகிற மழையில் யாரோ கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முப்பது வயதிருக்கும். தலைக்கு மேல் ரெக்சின் பை, தோளைச் சுற்றிப் பனியன் வேஸ்ட் துணியைப் போர்த்தியிருந்தான். நேராக மூலை வீட்டுக்குப் போய், செருப்பைப் பார்த்து நின்றான். பிறகு திரும்பி வந்து இவர்கள் கதவைத் தட்டினான். அவனுக்கு மூன்று வார்த்தைதான் தெரிந்திருந்தது. “அண்ணா. ரூம். இருக்கு?” உதடு நடுங்கியதில் அந்த மூன்றும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. கண் சிவந்து கிடந்தது. காய்ச்சலாக இருக்கலாம், குடியாகவும் இருக்கலாம்.

“ஆள் வந்தாச்சு” என்றார் ஜெயபாண்டி. கையை நீட்டிச் செருப்பைக் காட்டினார்.

உள்ளேயிருந்து சித்ராதேவி எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அவன் கேட்டைத் தாண்டியிருந்தான். போகும்போது அவன் செய்த காரியம்தான் ஜெயபாண்டியை இன்றுவரை விடவில்லை. மூலை வீட்டைக் கடக்கும்போது, காற்றில் விலகிக் கிடந்த அந்தச் செருப்புகளை அவன் குனிந்து ஒன்றாகச் சேர்த்து, மழை படாமல் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனான். உள்ளே இருக்கிற ஆளுக்கு நனைந்துவிடக் கூடாதென்று.

“யாருங்க அது?”

“வடக்கத்தி ஆளு. வீடு கேட்டான். இல்லேன்னுட்டேன்.”

“அதான் மூலை வீடு சும்மாக் கெடக்குல்ல?”

“வந்தா ஒருத்தனா வருவான். நாளைக்கே பத்துப் பேரா நிப்பாய்ங்க. ஒனக்குத் தெரியாது, நீ போய்ப் படு.”

“நாம வந்தப்ப மட்டும் என்னவாம்?” என்றாள் சித்ராதேவி. மூச்சு வாங்கியது. “பதினோரு வீட்டுல மதுரப்பக்கத்து ஆளுகளுக்கு வீடு இல்லேன்னு சொன்னாகள்ல. எண்ணிக்கிட்டே வந்தீக. மறந்துபோச்சா?” அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் தெருவே தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து, ஆற்றுப் பாலத்துக்குக் கீழே ஒரு வடக்கத்தி ஆள் செத்துக் கிடந்தானென்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பெயர் தெரியவில்லை, கேட்டு யாரும் வரவில்லை, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். ஜெயபாண்டி இதை வீட்டில் சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் தவறிச் சொல்லிவிட்டார். “போயிப் பாத்துட்டு வாங்க” என்றாள் சித்ராதேவி. “அவனா இருந்தா நாமளாச்சும் எதாச்சும் செய்யணும்.” அவர் போனார். பெரிய ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போனார். எதிரே இருந்த கடையில் ஒரு டீ குடித்தார். பிறகு இன்னொரு டீ. உள்ளே போய்ப் பார்த்துவிட்டால் அந்த ஆள் இன்னார் என்று ஆகிவிடுவான். பார்க்காதவரை அவன் யாராகவும் இருக்கலாம். திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னார்: “அவன் இல்ல.”

அவள் நம்பினாளா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தை பிறந்து படுக்கையில் விழுந்த பிறகு, விளக்கு வைக்கிற நேரம் வந்தால், “கதவத் தட்டுறாக, பாருங்க” என்பாள். அவர் எழுந்து போய்த் திறந்து காட்டுவார். யாருமில்லை. “தாழ்ப்பாள் போடாதீக” என்பாள். சரி என்று சொல்லி, அவள் கண்ணயர்ந்ததும் போட்டுவிடுவார். மாசியில் ஒரு மத்தியானம், அவர் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள். வெளியே போகும்போது பழக்கத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். பூட்டைத் திறந்துதான் அவளைப் பார்த்தார். முகம் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அதற்குப் பிறகு மூலை வீட்டைக் கேட்டு உசிலம்பட்டி ஆட்களே இரண்டு குடும்பம் வந்தார்கள். கூரை ஒழுகுகிறது என்று சொல்லி அவர்களையும் அனுப்பிவிட்டார். கிட்டுசாமிகூட ஆச்சரியப்பட்டார். அந்த வீட்டில் ஆள் வந்தாச்சு என்று ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. யாரோ இருக்கிறார்கள் என்றே அவருக்குத் தோன்றியது. காலையில் செருப்பு திரும்பிக் கிடப்பது அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

இரண்டாவது டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். செக்கிங்கில் பழகிய கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தென்படவில்லை. போன வருஷம் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்னவோ தூக்கம் வரவில்லை. முதல் டிஸ்க் முடிந்ததும், “இன்னைக்கு ரெண்டாவதையும் போடு, முழுசாப் பாப்பம்” என்றார். சித்ராதேவி அவரைப் பார்க்காமல் முந்தானையில் ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டே, “அது கீறிப்போச்சுங்க, ஓடல” என்றாள். அதிலிருந்து முதல் டிஸ்க்கோடு டிவியை அணைத்துவிடுவது வழக்கமானது.

டிஸ்க் தடங்கலில்லாமல் ஓடியது. தோணிக்காரன் கையில் கயிறு. தோணீ என்று மறுபடி குரல். ஜெயபாண்டி அவன் குதித்து ஏறுவான் என்று காத்திருந்தார். தோணிக்காரன் பின்னால் திரும்பி ஊரைப் பார்த்தான். பிறகு குனிந்து, தோணியின் அடியில் அடைத்திருந்த தக்கையைப் பிடுங்கினான். தண்ணீர் கொப்பளித்து ஏறியது. கரையோர ஆழமில்லாத இடத்தில் தோணி மெல்லச் சாய்ந்து அமிழ்ந்தது. எதிர்க்கரையில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அவன் இரண்டு கையையும் விரித்து, அமிழ்ந்த தோணியைக் காட்டினான். தோணி ஓட்டை, என்ன செய்ய, என்பதுபோல. குரல் இன்னும் இரண்டு தடவை கேட்டது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

போன வருஷம் ஜெயபாண்டி நீட்டிய கை, மூலை வீட்டுச் செருப்பைக் காட்டிய அந்தக் கை, மடியில் கிடந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வடிந்ததும் தோணிக்காரன் தக்கையை அடைத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போனான். நனைந்து அணைந்த ஒரு சின்ன நெருப்பு. தண்ணீரை நோக்கிப் போகிற காலடித் தடம். திரும்பி வருகிற தடம் இல்லை. யார், என்ன ஆனார்கள் என்று படம் சொல்லவில்லை. மிச்சப் படம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவன் தினமும் விடிகாலையில் வெறும் தோணியோடு எதிர்க்கரைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். ஊர் அவனைப் பைத்தியம் என்கிறது. கடைசிக் காட்சியில்தான் படம் முதல் தடவையாக எதிர்க்கரையிலிருந்து காட்டப்படுகிறது. குரல் வந்த அதே இடத்திலிருந்து. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன் விட்டுவந்த கரை, மழையில் மங்கலாக, எட்டாத தூரத்தில். அவன் எழுந்து நிற்கிறான். யாருடைய பெயரும் அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே வார்த்தையை, தன்னைக் கூப்பிட்ட அந்த வார்த்தையையே, அவன் கூப்பிடுகிறான்.

பிளேயர் நின்று நீலத் திரை வந்து நெடுநேரம் ஆகியும் ஜெயபாண்டி எழவில்லை. சித்ராதேவி ஏழு வருஷம் பார்த்தது இந்தப் படத்தை. நல்லவன் ஒருவன் வெள்ளத்தில் குதித்த கதையை அல்ல. மழையில் அந்த ஆளைத் திருப்பியனுப்பிய மறு மாதம், புருஷன் இதைப் பார்த்துவிடக் கூடாதென்று கீறல் இல்லாத டிஸ்க்கைக் கீறிப்போச்சு என்றாள். தனக்கு மிகவும் பிடித்த பாதியை அதற்குப் பிறகு அவளும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி கேட்டோடு அவர் திரும்பி வந்ததும் அவளுக்குத் தெரிந்திருக்கும். “அவன் இல்ல” என்றபோது அவள் பார்த்தது அவருடைய முதுகை. அந்த முதுகை அவளுக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியும்.

“சித்ரா” என்று கூப்பிட்டார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

வெளியே எப்போதோ ஆரம்பித்த மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை தாண்டியிருந்தது. கிட்டுசாமி கொடுத்து வைத்திருந்த மூலை வீட்டுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். செருப்பு, காலையில் அவர் வைத்தபடியே கதவைப் பார்த்துக் கிடந்தது. குனிந்து இரண்டையும் தூக்கினார். ஒரு வருஷ வெயிலும் தூசியும் படிந்து கறுத்த சிமெண்டில், செருப்பு கிடந்த இடம் மட்டும் வெளுத்து, இரண்டு பாதங்கள் மாதிரி தெரிந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தாலும் போகாது என்று தோன்றியது. அந்த இடத்தை மிதிக்காமல் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தார். உள்ளே பூச்சி மருந்து வாடை. பல்பு எரிந்தது. கோரைப் பாய் ஒன்றைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து விரித்து, தண்ணீர்ச் செம்பையும் பக்கத்தில் வைத்தார். அறுந்த செருப்பைக் குப்பைக் கூடையில் போட்டார். இரண்டு வீட்டுக் கதவையும் சாத்தாமல் கேட்டைத் தாண்டினார்.

பேக்கரிக்கு நடந்தால் பத்து நிமிஷம். வேட்டி காலில் ஒட்டியது. ஐம்பத்து மூன்று வயதில் ஓடவும் வரவில்லை, நடக்கவும் பொறுக்கவில்லை. மெயின் ரோட்டுக்கு வந்தபோது சாக்கடை பொங்கி ரோட்டை முழுக்க மூடியிருந்தது. மழையைச் சாக்கிட்டு எங்கோ சாயப்பட்டறைத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். முழங்காலளவு, கருநீலமாக, இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவே வேகமாக ஓடியது. பஸ்கள் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. அவர் ரோட்டோரம் வந்து நின்ற சமயத்தில் கரண்ட் போனது. ஊர் முழுக்க ஒரே மூச்சில் அணைந்தது.

எதிரே பேக்கரியின் தகரச் சார்ப்புக்குக் கீழே ஆட்கள் ஒண்டி நின்றார்கள். எட்டுப் பேர் இருக்கலாம், பத்துப் பேர் இருக்கலாம். கடைக்காரர் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றியதில் உருவங்கள் மட்டும் தெரிந்தன. சிலர் பையைத் தலைமேல் வைத்திருந்தார்கள், சிலர் நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். ஒரிசாக்காரன் என்றார் கிட்டுசாமி, அயர்ன் அடிக்கிறவன் என்றார். இந்த இருட்டில் அதை வைத்து யாரை அடையாளம் காண்பது? முகம் தெரியாது. பெயர் தெரியாது. அவன் நின்று பார்த்துவிட்டுப் போயும் இருக்கலாம்.

ஜெயபாண்டி தொண்டையைக் கனைத்தார். பிறகு, போன வருஷம் தன் வாசலில் நடுங்கி நின்ற அந்த மூன்று வார்த்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் வாயில் வந்தன.

“அண்ணா...”

மழைச் சத்தத்தில் கரைந்துபோனது. இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

“அண்ணா! ரூம் இருக்கு!”

தகரச் சார்ப்புக்குக் கீழே நின்ற உருவங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பின. ஜெயபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, நீலத் தண்ணீருக்குள் காலை வைத்தார்.